எங்கள் தெருவின் கெட்ட கரண்டை உள்ளபடியே வந்து பார்க்கக் கோரி

அனுப்புநர்:
திருமதி அஸ்மத்துன்னிசா, எம்.எஸ்ஸி.,
கூட்டாளி, நூர்ஜோதி எலக்ட்ரானிக்ஸ்,
பக்கிரி மேஸ்திரி தெரு,
சைதாப்பேட்டை, சென்னை – 600 015.

பெறுநர்:
மண்டல இயக்குநர் அவர்கள்,
சிறுதொழில் ஆராய்ச்சி உதவித் திட்டம்
(எரிசக்தி மற்றும் உயர் தொழில்நுட்பப் பிரிவு),
அடையாறு, சென்னை – 600 020.

பொருள்: லோ வோல்டேஜில் எரியும் டியூப்லைட் சோக் – ஆய்வுக்கு வந்த நாட்களில் மின்சாரம் நன்றாக இருந்த காரணத்தால் இரண்டாம் கட்ட உதவி மறுக்கப்பட்டது – முன்னறிவிப்பின்றி மறு ஆய்வு செய்யவும், வீடுகளில் பொருத்திய சோக்குகளைக் கழற்றும் உத்தரவை நிறுத்தி வைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 27.1.1997.

மரியாதைக்குரிய இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

1. பார்வையில் கண்ட கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. எங்கள் ஆராய்ச்சியின் இரண்டாம் கட்டத்துக்கு உதவி வழங்க இயலாது என்று அதில் தெரிவிக்கப்பட்டுள்ளது. காரணம் இரண்டே வரியில் சொல்லப்பட்டிருக்கிறது: "ஆய்வு நடைபெற்ற இரு நாட்களிலும் மேற்படி பகுதியில் குறைந்த மின்னழுத்தம் காணப்படவில்லை. சாதாரண சோக்குக்கும் மனுதாரரின் சோக்குக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை." இவ்விரண்டு வரிகளும் முழுக்க முழுக்க உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கமிட்டியார் பொய் எழுதியிருந்தால் இந்த மனு எனக்கு மிகவும் சுலபமாக இருந்திருக்கும். அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு எப்படி அது பட்டது என்பதுதான் என் புகார்.

2. தங்கள் மேஜைக்கு எத்தனையோ கோப்புகள் வரும் என்பதால் நாங்கள் யார் என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன். நான் இயற்பியல் படித்தவள். பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள். எங்கள் தெருவில் இன்றும் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் கூட்டாளி திருமதி ஜலஜா, மயிலாப்பூர், மின்னணுப் பொறியாளர். தரமணியில் நல்ல வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டு என் வீட்டு மாடிக்கு வந்து சால்டரிங் அயர்ன் பிடித்தவர். வெளிச்சத்துக்கு எங்கள் வீட்டில் நூர் என்போம், அவர்கள் வீட்டில் ஜோதி என்பார்கள். யார் பெயரை வைப்பது என்ற சண்டையே வேண்டாமென்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் இடையில் இதுவரை வந்த மற்ற சண்டைகள் எல்லாம் கம்பிச்சுருளின் அளவைப் பற்றியவை.

3. எங்கள் தெருவின் சங்கதி இது. பகலில் மின்சாரம் ஏதோ பரவாயில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் அது படுத்துவிடும். தெருக்கோடியில் ஐஸ் ஃபாக்டரி இருக்கிறது, நடுவில் வெல்டிங் கடைகள் இருக்கின்றன, வீட்டுக்கு வீடு கிரைண்டரும் இஸ்திரிப் பெட்டியும் இருக்கின்றன. இவை அனைத்துக்கும் சேர்த்து, எப்போதோ வைத்த ஒரு டிரான்ஸ்ஃபார்மர். இருநூற்று முப்பது வோல்ட் வரவேண்டிய வீட்டில் நூற்றைம்பது வந்தால் அன்று அதிர்ஷ்டம். ஃபேன், காற்று கொடுப்பதை விட்டுவிட்டு நாம் எண்ணிப் பார்க்கும் வேகத்தில் சுற்றும். டியூப்லைட் இரண்டு முனையிலும் சிவந்து, படபடவென்று கண்ணைச் சிமிட்டும். ஸ்டார்ட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். விளக்கு மட்டும் எரியாது. பிறகு ஒவ்வொரு வீட்டிலும் குண்டு பல்பைப் போடுவார்கள். அது இருக்கிற கொஞ்சநஞ்ச மின்சாரத்தையும் குடித்துவிட்டு மஞ்சளாக ஒரு வெளிச்சம் கொடுக்கும். அதில் முகம் தெரியும், எழுத்து தெரியாது.

4. இதற்காகத்தான் எங்கள் சோக். நூற்றுப்பத்து வோல்ட் வந்தாலும் டியூப்லைட்டை ஒரே அடியில் ஏற்றி, சிமிட்டாமல் நிறுத்தி வைக்கும். செலவாகும் மின்சாரமும் சாதாரண சோக்கைவிடக் குறைவு. தங்கள் திட்டத்தின் முதற்கட்ட உதவியில்தான் இதைச் செய்தோம். அதற்கு என்றும் நன்றியுள்ளவர்களாக இருக்கிறோம். இரண்டு பெண்கள் மாடியில் உட்கார்ந்து செய்யும் ஆராய்ச்சியை நம்பிக் கைகொடுத்த அலுவலகம் தங்களுடையது ஒன்றுதான். பரிசோதனைக் கூடத்தில், மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியை வைத்துச் சோதித்து, சோக் எல்லா அளவிலும் தேறியது என்று தாங்களே சான்றிதழ் கொடுத்தீர்கள். அந்தச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாடியில் மாட்டியிருக்கிறோம். அதன்மேல் எரிவதும் எங்கள் சோக்தான்.

5. இரண்டாம் கட்டத்துக்கான விதி வேறு. கருவி பொதுமக்களின் வீடுகளில், உண்மையான மின்சாரத்தில், கமிட்டியின் முன்னிலையில் எரிந்து காட்ட வேண்டும். நியாயமான விதி. எங்கள் தெருவிலேயே சுமார் இருபது வீடுகளில் சோக்குகளைப் பொருத்தினோம். அவற்றில் ஒன்று திருமதி அமீனா பீ அவர்களின் வீடு. தி. நகர் துணிக்கடைகளுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். பகலில் சமையல், தண்ணீர் பிடிப்பது, ரேஷன் எல்லாம் போக அவருக்குத் தையலுக்குக் கிடைப்பது மாலை நேரம் மட்டும்தான். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கோக்க வேண்டிய வேலை வந்தால் முன்பெல்லாம் திருப்பி அனுப்பிவிடுவார். இப்போது கடைக்காரர்கள் அவருக்கென்றே கறுப்பு பிளவுஸ்களை ஒதுக்கி வைக்கிறார்கள். இப்போது முடிந்த நோன்பு மாதத்தில், நோன்பு திறந்தபின் உட்கார்ந்து பெருநாள் துணிகள் எல்லாவற்றையும் சொன்ன தேதிக்குத் தைத்துக் கொடுத்தார். இன்னொரு வீடு, தெரு நலச் சங்கச் செயலாளர் திரு. கபாலி அவர்களுடையது. அவருடைய மகள் ஸஹானா இந்த மார்ச்சில் பிளஸ் டூ எழுதுகிறாள். அமீனா பீ, கபாலி ஆகிய இந்த இரண்டு பெயர்களையும் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். மனுவின் முடிவில் தேவைப்படும்.

6. கமிட்டியார் முதன்முறை வந்தது சென்ற ஆகஸ்டில். மாலை வேளையில்தான் வரவேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டபடியே வந்தார்கள். அன்று காலையிலிருந்தே தெருவில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. குப்பைத் தொட்டியைக் காணோம். அதற்கு முன்பு நாங்கள் ஒரு வருடம் கேட்டும் வராத ஏணி வண்டி வந்து நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஆட்கள் ஏறினார்கள். வெல்டிங் கடைகள் சீக்கிரமே சாத்தப்பட்டன. ஐஸ் ஃபாக்டரியின் சத்தம் நின்று, தெருவில் காக்கைகள் பேசுவது கேட்டது. ஆறரை மணிக்கு, ஐயா, எங்கள் தெருவில் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து பார்த்திராத ஒரு வெளிச்சம் வந்தது. டீக்கடையில் அலங்காரத்துக்கு மட்டும் தொங்கிக்கொண்டிருந்த டியூப்லைட் எரிந்தது. எங்கள் சோக் மாட்டிய விளக்கும் எரிந்தது, மாட்டாத விளக்கும் எரிந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால் இருநூற்று முப்பதுக்கும் மேலேயே முள் நின்றது.

7. கமிட்டித் தலைவர் பேராசிரியர் வெங்கடரமணன் அவர்கள் நல்ல மனிதர். வீடு வீடாகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி இறங்கிப் பார்த்தார். கடைசியில் மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்காத்துலகூட இவ்ளோ நன்னா கரண்ட் வர்றதில்லையேம்மா, இங்க என்ன குறைங்கறேள்?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையிலேயே பொறாமைப்பட்டார். வாசலுக்கு வந்தால் எங்கள் பகுதி லைன்மேன் திரு. துரைராஜ் நின்றுகொண்டிருந்தார். தன் கைவேலையைப் பார்த்துத் தானே பூரித்துப்போய், "இன்னாமா டீச்சரு, கரண்டு சும்மா கும்முன்னு கீது, நீ இன்னா மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீறே?" என்றார். ஜலஜா மாடிப்படியில் உட்கார்ந்து, "என்னடி இது, கரண்ட் நன்னா வந்தா நமக்கு அழுகை வர்றதே!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

8. விஷயம் என்னவென்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தங்கள் அலுவலகம் கமிட்டியின் சுற்றுப்பயணக் கடிதத்தை எங்களுக்கு அனுப்பியபோது, வழக்கப்படி நகல்களும் அனுப்பியிருக்கிறது: மாநகராட்சிக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று, எங்கள் பகுதி மின் அலுவலகத்துக்கு ஒன்று. 'தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்' என்று அடியில் எழுதி. அவர்களும் தக்க நடவடிக்கை எடுத்துவிட்டார்கள். மின் அலுவலகத்தார் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மேலதிகாரிகள் வருகிறார்கள் என்றால் நம் ஊரில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். என் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நானும் கிழிந்த பாயை உள்ளே தள்ளிவிட்டுப் புதுப்பாயைத்தான் விரிப்பேன். ஆனால் நல்ல மின்சாரம் எங்கிருந்தோ புதிதாக வந்துவிடவில்லை. பக்கத்துத் தெருவின் பங்கை எங்கள் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். கமிட்டியாரின் ஜீப் வழி தவறி அடுத்த தெருவுக்குள் நுழைந்திருந்தால் அங்கே அவர்களுக்கு வேண்டிய இருட்டு முழுதாகக் கிடைத்திருக்கும். எங்கள் திட்டமும் அன்றே தேறியிருக்கும்.

9. கருவியை வைத்து அங்கேயே வோல்டேஜைக் குறைத்துக் காட்டுகிறோம் என்றோம். கூடத்தில் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது, களத்தில் இயற்கையான குறைபாடு இருக்க வேண்டும், நாமாக உண்டாக்கிய குறைபாட்டை ஏற்பதற்கு விதியில் இடமில்லை என்றார்கள். நாங்கள் குறித்து வைத்திருந்த மாலைநேர அளவுகளைக் காட்டினோம். சம்பந்தப்பட்டவர்களே எடுத்த அளவு செல்லாது என்றார்கள். அதுவும் நியாயம்தான். ஆக, கெட்டுப்போன மின்சாரம் வேண்டும், அது தானாகக் கெட்டிருக்க வேண்டும், கமிட்டி பார்க்கும்போது கெட்டிருக்க வேண்டும். கமிட்டி பார்க்க வந்தாலோ அது கெட மறுக்கிறது. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை, நடத்தியதும் இல்லை.

10. மறு ஆய்வு கேட்டு எழுதினேன். இம்முறை யாருக்கும் நகல் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தாங்களும் அப்படியே செய்தீர்கள். அந்தப் பெருந்தன்மையை மறக்கமாட்டேன். அக்டோபர் கடைசியில், தீபாவளிக்கு முன்னால் ஒரு நாளைக் குறித்தோம். தையல் மிஷின், இஸ்திரி, பலகார மாவு அரைக்கும் கிரைண்டர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் காலம். மின்சாரம் அடியோடு விழுந்து கிடக்கும், நாம் ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று ஜலஜாவும் நானும் நிம்மதியாக இருந்தோம். செய்த ஒரே காரியம், சோக் பொருத்திய வீட்டுக்காரர்களை அன்று மாலை வீட்டில் இருக்கச் சொன்னதுதான். அந்த வீட்டுக்காரர்களில் திரு. கபாலியும் ஒருவர்.

11. திரு. கபாலி எங்கள் தெருவுக்காக ஓடியாடி உழைப்பவர். தண்ணீர் லாரி வந்தாலும் அவர்தான் முன்னால் நிற்பார், யாரையாவது அடக்கம் செய்ய மையவாடிக்குப் போனாலும் அவர்தான் முன்னால் நடப்பார். கமிட்டி வருகிறது என்று தெரிந்ததும் அவர் தாமாகவே மின் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். "டில்லிலேர்ந்து ஆளுங்க வர்றாங்கோ சார், போன தபா மாதிரியே குடுத்துருங்கோ, நம்ம தெரு மானம் உங்க கைலதான் கீது" என்று சொல்லியிருக்கிறார். கமிட்டியில் டில்லிக்காரர் ஒருவரும் இல்லை என்பது வேறு விஷயம். அதோடு நில்லாமல் ஐஸ் ஃபாக்டரிக்கும் வெல்டிங் கடைகளுக்கும் தனித்தனியாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அன்று மாலை வெளிச்சம் ஆகஸ்டைவிட அதிகம். வந்தவர்களுக்கு அவரே குளிர்பானம் வாங்கி வந்து கொடுத்து, "எங்க தெருவுல கரண்டு பிரச்சினயே கெடையாது சார்" என்று பெருமையாகச் சொன்னார். பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. எனக்குக் கோபமே தேவலை என்றிருந்தது.

12. இதனால் தெருவில் ஒரு வினோதமான பழக்கமும் வந்துவிட்டது. கமிட்டி வந்தால் கரண்ட் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ஜைதூன் பீ தம் மகள் நாஸியாவின் கல்யாணத்தை நிச்சயம் செய்ததும் நேராக என்னிடம் வந்தார். "அஸ்மத்து, ஒங்க கமிட்டி அடுத்து எப்ப வருதுன்னு கேட்டுச் சொல்லும்மா, நிக்காஹ் அன்னிக்கே வெச்சுக்கறோம்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை, மண்டபக்காரரிடம் தேதி சொல்லாமல் காத்திருந்தார். ஆராய்ச்சியின் பயனாக எங்கள் தெரு இதுவரை பெற்றது கமிட்டி வந்த இரண்டு மாலைகள் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இருபது வீட்டுக்காரர்கள் மட்டும் அப்படி நினைக்கவில்லை. அவர்களுக்குத் தினமும் மாலையில் வெளிச்சம் இருக்கிறது.

13. இனி, தங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். சோதனைக்காகப் பொருத்திய சோக்குகள் அரசு உதவியில் செய்யப்பட்டவை, ஆகவே அரசுச் சொத்து. வீடுகளிலிருந்து அவற்றைக் கழற்றி இம்மார்ச் முடிவதற்குள் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் உள்ளது. உதவி கிடைக்காமற்போனதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதைப் படித்தபோது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அமீனா பீ வீட்டுக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, தைத்துக்கொண்டிருக்கும் அவர் தலைக்கு மேலிருந்து விளக்கைக் கழற்றிக்கொண்டு வரவேண்டியவள் நான். கழற்றியதை அரசு என்ன செய்யும் என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டேன். ஸ்டோரில் வைக்கப்படும் என்றார்கள். அந்த ஸ்டோரில் மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் இருப்பதில்லை என்றும் சொன்னார்கள்.

14. கடிதத்தை நான் திரு. கபாலியிடம் படித்துக் காட்டினேன். அவருக்குத் தெரிந்துதான் ஆகவேண்டும். பரீட்சை நடக்கும் மாதத்தில் அவர் மகள் தலைக்கு மேலிருக்கும் விளக்கும் அதில் ஒன்று. முதலில் அவருக்குப் புரியவில்லை. "கரண்டு நல்லா இருந்துச்சுன்னா ஃபெயில் பண்ணிட்டாங்கோ?" என்று கேட்டார். புரிந்ததும், எப்போதும் நாலு பேரிடம் ஒரே நேரத்தில் பேசுகிற மனிதர், என் வீட்டுப் படியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்டவேண்டும் என்று நான் பல நாட்களாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அப்போது பயன்படவில்லை.

15. மறுநாள் காலையே ஒரு யோசனையுடன் வந்தார். "இந்த தபா நான் பாத்துக்கறேன் டீச்சரம்மா. ஐஸ் கம்பெனில எல்லா மிஷினையும் ஒண்ணா ஓட்டச் சொல்றேன், வூட்டுக்கு வூடு கிரைண்டரப் போட்டு வுடச் சொல்றேன், வெல்டிங்காரன நிறுத்தாம அடிக்கச் சொல்றேன். கரண்டு அப்பிடியே படுத்துக்கும் பாரு!" அவர் செய்யக்கூடியவர்தான். ஒரு மாலை நேரத்துக்குள் எங்கள் தெருவை அவரால் இருட்டாக்கிவிட முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜலஜாவும் அதையே சொன்னார். ஏமாற்றி நன்றாக்கிய மின்சாரத்தால் இரண்டு முறை தோற்றோம்; ஏமாற்றிக் கெடுத்த மின்சாரத்தால் ஜெயிக்க எங்களுக்கு இஷ்டமில்லை. அதற்குத் தேவையும் இல்லை. எங்கள் தெருவின் மின்சாரம் யாருடைய உதவியும் இல்லாமலே போதுமான அளவு மோசமாக இருக்கிறது. அதை அதன்போக்கில் விட்டால் போதும்.

16. தங்களிடம் ஒன்று மனம்விட்டுச் சொல்கிறேன், தவறாயிருந்தால் பொறுத்தருள வேண்டும். எரிசக்தித் துறையில் சிறுதொழில் செய்பவர்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டும், நம் ஊர்க் குறைகளுக்கு நம் ஊரிலேயே தீர்வு காண வேண்டும் என்றுதான் தங்கள் திட்டத்தின் முன்னுரையில் உள்ளது. அதைப் படித்துத்தான் ஜலஜா வேலையை விட்டார். ஆனால் அதிகாரி வருகிற அன்று மட்டும் எல்லாக் குறையும் ஒளிந்துகொள்ளும் ஊர் இது. குழாயில் தண்ணீர் வரும், ரேஷனில் சர்க்கரை இருக்கும், ஆஸ்பத்திரியில் டாக்டர் இருப்பார். குறை இல்லாத நாளில் வந்து பார்த்துவிட்டு, தீர்வு எதற்கு என்று கேட்டால் நாங்கள் யாரிடம் போவது? நாளைக்குக் குறைந்த தண்ணீரில் ஓடும் மோட்டாரையோ, புகையில்லாத அடுப்பையோ யாராவது செய்துகொண்டு தங்களிடம் வரக்கூடும். அவர்களுக்கும் இதேதான் நடக்கும். எங்களுக்காக மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. எங்களுக்காகவும்தான் கேட்கிறேன்.

17. ஆகவே பின்வருவனவற்றைச் செய்து உதவுமாறு வேண்டுகிறேன்:

(அ) பொருத்திய சோக்குகளைக் கழற்றும் உத்தரவை, குறைந்தபட்சம் பிளஸ் டூ பரீட்சை முடியும்வரையாவது நிறுத்தி வைக்க வேண்டும்.

(ஆ) தாங்கள் நேரில் ஒருமுறை வர வேண்டும். எந்த நாள் என்று எங்களுக்குச் சொல்லக் கூடாது. அலுவலக ஜீப்பில் வரக் கூடாது. அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், சாதாரணமாக, மாலை ஏழு மணிவாக்கில் வந்தால் போதும்.

18. வழி சொல்லிவிடுகிறேன். சைதாப்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, மார்க்கெட் பக்கம் வந்து, பக்கிரி மேஸ்திரி தெரு என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். தெருமுனையில் டீக்கடை இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொல்லுங்கள். யார் என்று கேட்டால் சொந்தக்காரரைப் பார்க்க வந்ததாகச் சொன்னால் போதும். அங்கிருந்தே தெரு முழுவதும் தெரியும். எங்களைக் கூப்பிட வேண்டாம், எந்த வீட்டுக்குள்ளும் போக வேண்டாம், மீட்டரும் வேண்டாம். டீ ஆறுவதற்குள், எந்தெந்த வீட்டில் நூர்ஜோதி சோக் மாட்டியிருக்கிறது என்று தாங்களே விரல் நீட்டிச் சொல்லிவிடலாம்.

19. அப்படிச் சொல்ல முடியவில்லை என்றால், ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுங்கள். தங்களிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தால் போதும். மறுவார்த்தை பேசாமல் எல்லா வீட்டிலும் நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றி, துடைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி அடையாறுக்குக் கொண்டுவந்து ஒப்படைப்பேன். அமீனா பீயிடம் முதலில் போவேன். ஆனால் அந்த போஸ்ட் கார்டு வராது என்று எனக்குத் தெரியும். ஜலஜா இப்போதே அடுத்த நூறு சோக்குகளுக்குக் கம்பி சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

தங்கள் வருகையை எதிர்பார்க்காமல் காத்திருக்கும்,

(ஒப்பம்) அஸ்மத்துன்னிசா
நூர்ஜோதி எலக்ட்ரானிக்ஸுக்காக

இடம்: சைதாப்பேட்டை, சென்னை
நாள்: 12.2.1997

நகல்: எவருக்கும் இல்லை. திரு. கபாலிக்கும் சொல்லவில்லை.